பூக்கூடைக்குள் ஒரு ஜோடி ஷூ

பெருநகர்,
19.1.2025

அன்புள்ள அபிக்கு,

அண்ணி கீதா எழுதுவது. இங்கே அத்தை, உன் அண்ணன், பாப்பா, நான் எல்லோரும் சுகம். மாடும் சுகம், இரண்டு வேளையும் உதைக்கிறது. உன் சுகத்தையும் உன் முட்டியின் சுகத்தையும் எழுது.

போலீஸ் பயிற்சிப் பள்ளியில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தையும் அத்தை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்து வீட்டு ராணியம்மாளுக்கும் சேர்த்துப் பேசிவிடுகிறார்கள். உன்னிடம் தனியாகச் சொல்ல வேறு வழியில்லாமல்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு இப்போதுதான் பேனாவைப் பிடிக்கிறேன்.

விஷயம் இதுதான். கான்ஸ்டபிள் எழுத்துத் தேர்வில் நான் பாஸ். நீ விட்டுப்போன புத்தகங்களை மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன். அடுத்தது ஓட்டம், தாண்டல், குண்டு எறிதல். ஆனி மாதத்தில் இருக்கும் என்கிறார்கள். இந்த முறை விட்டால் எனக்கு வயது தாண்டிவிடும். மறுபடி எழுத முடியாது.

உன் அண்ணனிடம் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு, "அம்மா சரின்னா எனக்கும் சரி" என்றார். ஒரகடம் கம்பெனியில் அத்தனை மெஷினை ஓட்டுகிற மனுஷனுக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை வரவில்லை. பொங்கலன்று அத்தை நல்ல மனநிலையில் இருந்ததைப் பார்த்துப் பேச்சை எடுத்தேன். "வூட்டுக்கு ஒரு போலீஸ் போதும். நீயும் போய்ட்டா மாட்டுக்கு யாரு சலாம் அடிக்கிறது?" என்று சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

நீ ஓடிப் பழகினபோது இதே அத்தைதான் ஏரிக்கரையில் போனைப் பிடித்து நேரம் பார்த்தார்கள். தினம் முட்டை அவித்துக் கொடுத்தார்கள். மகள் ஓடினால் ஊருக்கே பெருமை. மருமகள் ஓடினால் மாட்டை யார் பார்ப்பது?

எனக்காக நீ கேள். நீ சொன்னால் கேட்பார்கள். அதோடு, ஓடுவது எப்படி என்றும் எழுது. நான் கடைசியாக ஓடியது பஸ்ஸைப் பிடிக்க.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அண்ணி கீதா


பயிற்சிப் பள்ளி விடுதி,
2.2.2025

அன்புள்ள அண்ணிக்கு,

அபிநயாவின் வணக்கம். நான் நலம். நீங்களும் பாப்பாவும் அண்ணனும் நலமா? அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தைக் கழிப்பறைக்குள் வைத்து மூன்று தடவை படித்தேன். பாஸா! எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி எழுதினீர்கள்? மிகவும் சந்தோஷம் அண்ணி.

ஓட்டம் பெரிய வித்தை இல்லை. நானூறு மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும். முதல் பாதியில் வேகமாக ஓடினால் இரண்டாம் பாதியில் மூச்சு நின்றுவிடும், அதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. காய்ந்து கிடக்கிற செய்யாற்று மணலில் கொஞ்ச நாள் ஓடுங்கள். காலுக்கு வலு வந்த பிறகு ஏரிக்கரைக்கு வாருங்கள். என் பழைய கேன்வாஸ் ஷூ பரணில் இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே அளவுதானே.

எப்படி வெளியே போவீர்கள் என்றுதானே யோசிக்கிறீர்கள்? அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன். இங்கே வெயிலில் பரேடு நடந்து நடந்து என் மூக்குத் தோல் உரிந்துவிட்டது. கடைக் க்ரீம் எதுவும் ஒத்துவரவில்லை. இதே உறையில் அம்மாவுக்கு வைத்திருக்கும் தனித் தாளில் ஆவாரம்பூ போட்ட குளியல் பொடி வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அதைப் படித்துக் காட்டுங்கள். பெண்ணின் முகம் என்றால் அம்மா விடியும் முன்னே உங்களைக் கூடையோடு அனுப்பிவிடுவார்கள்.

அம்மாவிடம் வரும் ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாகப் பேசுகிறேன்.

பாப்பாவுக்கு முத்தங்கள்.

அன்புடன்,
அபி


பெருநகர்,
16.2.2025

அன்புள்ள அபிக்கு,

இங்கு எல்லோரும் நலம். என் தொடைகள் மட்டும் நலமில்லை. படி ஏறினால் அழுகை வருகிறது. உன் மூக்கு ஆறியதா?

நீ படிக்க வேண்டியது போலீஸ் வேலை இல்லை, வக்கீல் வேலை. உன் தாளைப் படித்து முடிக்கவில்லை, அத்தை கூடையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். "எங்கொயந்த மூஞ்சி உரிஞ்சு போய்க்கீதாம், நீ இன்னா நின்னுக்கினு கீற?" என்று விரட்டினார்கள்.

கூடைக்கு அடியில் உன் ஷூ, அதற்கு மேல் ஒரு துணி. போகும்போது அப்படி. வரும்போது ஷூவுக்கு மேல் பூ. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆற்று மணலில் ஓடுகிறேன். முதல் நாள் நாய் துரத்தியதால் நன்றாக ஓடினேன். இரண்டாம் நாள் நாய் வரவில்லை, ஓட்டமும் வரவில்லை. இப்போது பரவாயில்லை. ஓடிவிட்டு வேர்வையோடு பூப்பறித்து, வீட்டுக்கு வந்து குளித்தால் உடம்பு லேசாகிவிடுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு இப்படிப் பசித்ததே இல்லை.

பொடியும் செய்தாயிற்று. பூவை நிழலில் உலர்த்தி, பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் எல்லாம் சேர்த்து மிஷினில் அரைத்துச் சலித்தோம். மஞ்சள் கொஞ்சம் போதும் என்று நான் சொன்னதை அத்தை கேட்டார்கள், அதுவே பெரிய விஷயம். நானும் போட்டுக் குளிக்கிறேன். வேர்க்குரு போய்விட்டது. முகம் கழுவிய வெண்கலம் மாதிரி இருக்கிறது என்று உன் அண்ணனே சொன்னார்.

ஓட்டமும் முகமும் ஒன்றாகச் சீராகும்போது உலகத்தில் வேறு என்ன வேண்டும் என்று தோன்றுகிறது. அத்தையின் சம்மதம் வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்திலேயே நின்றேன் அபி. நீ விடுதி இட்லி கல்லாக இருக்கிறது என்று மட்டும்தான் பேசினாய்.

பார்சலில் பொடி அனுப்பியிருக்கிறேன். தயிரில் குழைத்துப் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி,
கீதா


பயிற்சிப் பள்ளி விடுதி,
9.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம், என் மூக்கும் நலம். வீட்டில் அனைவரின் நலமும் அறிய ஆவல்.

உங்கள் பொடிக்கு இங்கே அடிதடி நடக்கிறது! என் அறைப் பெண்கள் ஒரு வாரத்தில் காலி செய்துவிட்டார்கள். எங்களுக்கு டிரில் சொல்லித்தரும் மேடமே "அது என்ன பொடி?" என்று விசாரித்தார். அடுத்த முறை கொஞ்சம் நிறைய அனுப்ப முடியுமா? அம்மாவின் தாளிலும் எழுதியிருக்கிறேன். அம்மாவுக்குப் பெருமை தாங்காது.

இனி நீங்கள் ஏரிக்கரையில் ஓட ஆரம்பிக்கலாம். தாண்டல் பழக ஆற்று மணலே போதும். குண்டு எறியும்போது கையால் தள்ளாமல் இடுப்பைத் திருப்பித் தள்ளுங்கள்.

அம்மாவிடம் பேச்சை எடுத்தேன் அண்ணி. அதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் வேறு அவசரப்படுத்துகிறார்கள். அடுத்த வாரம் பார்க்கிறேன்.

அன்புடன்,
அபி


பெருநகர்,
23.3.2025

அன்புள்ள அபிக்கு,

நலம், நலமறிய ஆவல். இதற்கு மேல் மரியாதையாக எழுத எனக்குப் பொறுமை இல்லை.

உன் தாளில் டிரில் மேடம் கேட்டதாக எழுதினாய் அல்லவா? அத்தை அதை நான்கு முறை படிக்கச் சொன்னார்கள். பிறகு ராணியம்மாளைக் கூப்பிட்டு ஐந்தாம் முறை. "போலீஸ்காரங்களே கேக்குறாங்கன்னா பாத்துக்கோ!" அன்று சாயந்திரமே ராணியம்மாளுக்கு ஒரு டப்பா போனது. அவளிடமிருந்து தெருவுக்குப் போனது. தெருக்கோடி சொக்கம்மாளின் பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம். நலங்குக்கு நம் பொடிதான் வேண்டுமாம்.

கேட்டால் கொடுக்கலாம், அதற்குக் கூட நான் அழவில்லை. "பூ பத்தல, எல்லாரும் சேந்து போலாம்" என்று அத்தை ஒரு படையே திரட்டிவிட்டார்கள். இப்போது விடிந்ததும் ஆறு பெண்கள் கூடையோடு நம் வாசலில் நிற்கிறார்கள். நடுவில் நான், கூடைக்கு அடியில் ஷூ. பூவை எட்டிப் பறிப்பதும் கதை பேசுவதுமாக வெயில் ஏறிவிடுகிறது. எங்கே ஓடுவது?

ஒரு நாள் தாங்க முடியாமல், வயிறு சரியில்லை, ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லி முள் காட்டுக்குப் பின்னால் போய் ஓடினேன். மூச்சிரைக்கத் திரும்பி வந்தால், "ஐயய்யோ, உயிரே போவுது பாரு பொண்ணுக்கு" என்று ராணியம்மாள் என்னை உட்காரவைத்து விசிறினாள். வீட்டுக்கு வந்ததும் ஓமத் தண்ணீர். இரண்டு நாளைக்கு வெறும் கஞ்சி. ஓடுகிறவளுக்குக் கஞ்சி!

மற்ற நேரமெல்லாம் உலர்த்துவது, புடைப்பது, மிஷினில் நிற்பது, சலிப்பது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது அபி. ஓடுவதற்காகப் பொடி செய்தேன். இப்போது பொடிக்காக ஓட்டத்தை விட்டுவிட்டேன். இனிமேல் உன் கடிதத்தில் பொடியைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது. அத்தையிடம் கேட்டாயா இல்லையா, அதை மட்டும் எழுது.

கோபத்திலும் உன் மேல் பிரியமுள்ள,
அண்ணி


பயிற்சிப் பள்ளி விடுதி,
6.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். கோபம் வேண்டாம் அண்ணி.

அம்மாவிடம் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள். முடியாது என்று சொல்லவில்லை, அதுவே நல்ல சகுனம்தானே. நீங்களாக இப்போது மறுபடி கேட்க வேண்டாம். இரண்டு பக்கமும் நெருக்கினால் அம்மா முறுக்கிக்கொள்வார்கள். உங்களுக்குத் தெரியாததா?

ஒன்று மட்டும் தோன்றுகிறது. நீங்களும் பயிற்சிக்கு வந்துவிட்டால் பாப்பாவை யார் பார்ப்பார்கள்? அம்மாவின் முட்டி, மாடு, அண்ணனின் நைட் ஷிப்ட், எல்லாம் இருக்கிறது. இங்கே நான் லீவ் கேட்டால் தர மாட்டார்கள், ஒரேயடியாக வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். இதையெல்லாம் சும்மா யோசித்தேன். உங்களை நிறுத்தச் சொல்லவில்லை.

ஓட முடியாத நாட்களில் கயிறு தாண்டுங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். பாப்பாவுக்கு முத்தம்.

அன்புடன்,
அபி

பி.கு.: கோபித்துக்கொள்ளாதீர்கள், டிரில் மேடம் மறுபடியும் கேட்டார்.


பெருநகர்,
20.4.2025

அன்புள்ள அபிக்கு,

உன் அம்மா நலம். உன் அண்ணன் நலம். பாப்பா நலம். நான் வீட்டுக் காவலில் இருக்கிறேன்.

சிரிக்காதே, நிஜம். சித்திரை வெயிலில் பூப்பறித்தும், இடையில் திருட்டுத்தனமாக ஓடியும் என் முகம் கறுத்துவிட்டது. போன வாரம் உத்திரமேரூரிலிருந்து பொடி வாங்க ஒரு அம்மாள் வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொடி பண்றவ மூஞ்சே அடுப்புக்கரியா கீது. எம்மூஞ்சி இன்னா ஆவுமோ?" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு போய்விட்டார். அத்தைக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து சட்டம் போட்டாயிற்று. "நீ வெயில்ல தலைகாட்டாத. பூவுக்கு நான் போறேன். நீ வூட்லயே இருந்து மூஞ்சியப் பாத்துக்கோ. உன்னப் பாத்துதான் நாலு பேரு வாங்குவாங்க." முட்டி வலிக்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறார், நான் முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். மாவு காய்ந்தால் வாயைத் திறந்து கத்தக்கூட முடியாது. அத்தைக்கு அது வசதி.

ஓடினால் முகம் கெடுகிறது, முகத்தைப் பார்த்தால் ஓட்டம் கெடுகிறது. இரண்டையும் சேர்த்து நடத்துகிற பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் போய்க் காலில் விழுவேன். தோட்டத்தில் அம்மிக் குழவியைக் குண்டாக எறிந்து பழகுகிறேன். மண்ணில் பள்ளம் விழுந்ததைப் பார்த்து, "பன்னி வந்துக்கீது" என்று அத்தை வேலிக்கு முள் வெட்டிப் போட்டார்கள்.

நிறம் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று நேற்றிலிருந்து மாவில் எலுமிச்சம்பழமும் பிழிகிறார்கள். எரிகிறது. சொன்னால், "எரிஞ்சாதான் வெளுக்கும்" என்கிறார்கள். மதியம் அத்தை கண்ணயர்கிற நேரம்தான் எனக்கு மிச்சம். முகத்தைத் துணியால் துடைத்துவிட்டு ஏரிக்கரைக்கு ஓடப்போகிறேன். வேறு வழி இல்லை, ஆனி நெருங்குகிறது.

"பார்க்கலாம்" என்று உன்னிடம் சொன்னவர்கள் என்னிடம் அதைப் பற்றி மூச்சே விடவில்லையே, ஏன்? எனக்கு இது புரியவில்லை அபி. பதில் எழுது.

அண்ணி கீதா


பெருநகர்,
11.5.2025

அபிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பரவாயில்லை, இதை முழுதாகப் படி.

சொன்னபடியே மதிய வெயிலில் ஓடினேன். இரண்டாம் நாள் கன்னமும் கழுத்தும் சிவந்தன. மூன்றாம் நாள் கொப்புளம். உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா முதல் கேள்வியாக, "எலுமிச்சை தடவினியாம்மா? தடவிட்டு வெயில்ல போனியா?" என்று கேட்டார். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்துவிடுமாம். கொப்புளம் ஆறிவிடும், கறுப்புத் தழும்பு மறைய மாதக்கணக்காகும் என்றார்.

நான் ஊர் திரும்புமுன் செய்தி திரும்பிவிட்டது. பொடி போட்டு மருமகள் முகம் வெந்துவிட்டது என்று! வீட்டு வாசலில் கூட்டம். பாதி தீர்ந்த டப்பாக்களைத் திண்ணையில் கவிழ்க்கிறார்கள். சொக்கம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறாள். "எம்பொண்ணு ஒரு வாரமா பூசிக்கினு கீறா, கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாளுதான்!" அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உன் அம்மாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. உன் அப்பா போன அன்றுகூட மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் அழுதார்கள்.

எனக்குள் எத்தனை கோபம் இருந்தது தெரியுமா? வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருந்தால் பொடி அன்றோடு ஒழிந்திருக்கும். என் காலைப் பொழுது எனக்கே திரும்பியிருக்கும். அந்த ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாணப் பெண் கதவுக்குப் பின்னால் நின்று தன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன்.

"பொடி மேல தப்பில்ல. நான்தான் எலுமிச்சம்பழம் புழிஞ்சு பூசிக்கினு மதிய வெயில்ல ஓடினேன்."

"எதுக்குடி ஓடின?" என்றாள் சொக்கம்மாள்.

"போலீஸ் செலக்சனுக்கு."

ராணியம்மாள் சிரித்தாள். "புள்ள பெத்தவ எங்க ஓடுறது? மாமியாளக் காப்பாத்தப் பொய் சொல்லுது." எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மூன்று மாதம் நான் மறைத்துவைத்த உண்மையைக் கடைசியில் வெளியே போட்டால் ஒருத்தியும் நம்பவில்லை!

அப்போது அத்தை தூணை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். எலுமிச்சையைப் பிழிந்தது யார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். "பரண்ல இருந்த ஷூ எங்க கீது?" என்றார்கள். கொட்டகையில் ஒளித்திருந்த என் கூடையைக் காட்டினேன். "போட்டுக்கோ. ஓடிக் காட்டுடி!"

ஊரே ஏரிக்கரைக்கு வந்தது. மதகிலிருந்து பனைமரம் வரை போய்த் திரும்ப வேண்டும். முகமெல்லாம் மருந்து, வேர்வை பட்டுப் பட்டு எரிகிறது. ஓடினேன் அபி. உன் பேச்சைக் கேட்டு முதல் பாதியில் அடக்கி, திரும்பி வரும்போது மொத்தத்தையும் விட்டேன். யாரோ விசில் அடித்தார்கள். நின்றதும் அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டத்தைப் பார்த்து, "பாத்தீங்களா? இனிமே எம்பொடி மேல எவளாச்சும் பழி போட்டீங்கன்னா தெரியும் சேதி" என்றார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் என்னிடம் பேசினார்கள். "செலக்சனுக்குப் போ. போவலனா சும்மா ஓடிக் காட்டுனான்னு சொல்லுவாளுங்க." அவ்வளவுதான் சம்மதம். என் ஆசைக்குக் கிடைக்காதது பொடியின் மானத்துக்குக் கிடைத்தது. சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

பால் கறக்கும்போது அத்தை கேட்டார்கள். "அபிக்குத் தெரியுமா இது?" தெரியும், உங்களிடம்கூடக் கேட்டாளே, பார்க்கலாம் என்று சொன்னீர்களாமே என்றேன். "எங்கிட்ட யாரும் கேக்கல" என்றார்கள். பிறகு பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நீ கேட்கவே இல்லை. மாடு, முட்டி, பாப்பா என்று எழுதினாயே, அதுதான் உன் மனசு. நான் வீட்டில் இருந்தால்தான் நீ நிம்மதியாக அங்கே இருக்கலாம். அதை என்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் அழுதிருப்பேன், மூன்றாம் நாள் நானே போய்க் கேட்டிருப்பேன். நான் பூப்பறிக்கிறேன் என்று அத்தையிடம் பொய் சொன்னேன், நீ கேட்டுவிட்டேன் என்று என்னிடம் பொய் சொன்னாய். இந்த வீட்டுக்கு இரண்டு போலீஸ் தேவைதான்.

கீதா


பயிற்சிப் பள்ளி விடுதி,
25.5.2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். முகம் ஆறிவருகிறதா? கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள். வெயிலில் போகும்போது துணியால் மூடிக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்தின நாள் ஓடாமல் ஓய்வெடுங்கள். காலையில் வாழைப்பழம் சாப்பிடுங்கள், வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். அழைப்புக் கடிதம், அசல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள்.

பழைய ஷூவின் அடி தேய்ந்திருக்கும். இங்கே எனக்குக் கொடுத்த இரண்டு ஜோடியில் ஒன்றை அனுப்பியிருக்கிறேன். நான் ஒன்றை வைத்துச் சமாளித்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். மணி அடித்தது, அம்மா எடுக்கவில்லை. அதற்கு முந்தின வாரமும் எடுக்கவில்லை.

பாப்பா என்னைக் கேட்கிறாளா?

அபி


பெருநகர்
22.6.2025

அபிநயாவுக்கு அம்மா எழுதறது,

நான் நல்லாக்கீறேன். முட்டி வலிக்குது, அது எப்பவும் வலிக்குது. உங்கண்ணி காலு ரெண்டையும் தண்ணில வெச்சிக்கினு உக்காந்துக்கீது. அதால எழுத முடியாதாம், நீங்களே எழுதுங்கன்னு பேனாவக் குடுத்துச்சு. அஞ்சாவது படிச்சவ நான், எனக்கு லெட்டர் பாஷையெல்லாம் வராது. பேசுறாப்புலயே எழுதறேன், கூட்டிப் படிச்சுக்கோ.

காஞ்சிபுரம் கிரவுண்டுக்கு நானும் கூடப் போனேன். கேட்டுக்கு உள்ள உடல. வெளியில மரத்தடியில பொண்ணுங்களப் பெத்தவங்க எல்லாம் உக்காந்துக்கினு இருந்தாங்க. நானும் உக்காந்தேன். உங்கண்ணி தழும்பு மூஞ்சோட உள்ள போவும்போது ஒரு பொம்பள, "ஐய, இன்னா மூஞ்சி இது"ன்னு சொல்லுச்சு. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். "அது ஓடுன மூஞ்சி, உனக்கு இன்னா பேஜாரு"ன்னு கேட்டுட்டேன். எலுமிச்சம்பழம் புழிஞ்சது நானு. அன்னிக்கு நம்ம வாசல்ல அத்தினி பொம்பளைங்க முன்னால அது எம்பேரச் சொல்லல. அதுக்கப்புறம் அதப் பாத்து வேணாம்னு சொல்ல எனக்கு வாயி ஏது?

ஓட்டத்துல பாஸ். மறுநாளு தாண்டுறது, குண்டு எறியறது. அதுவும் பாஸ். தோட்டத்துப் பள்ளத்துக்குப் பன்னி எதுன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. நான் முள்ளு வெட்டிப் போட்டேன், கையெல்லாம் கீறிக்கினு. திரும்பி வரும்போது பஸ்ஸுல ரெண்டு பேரும் அத நெனச்சு நெனச்சு சிரிச்சோம். லிஸ்ட்டு வர நாளாவுமாம். வரட்டும்.

சொக்கம்மா பொண்ணு கல்யாணம் நல்லா நடந்துச்சு. மூஞ்சி பளபளன்னு இருந்துச்சு. ராணியம்மா ரெண்டு டப்பா கேட்டு வந்தா, ஒண்ணுதான் குடுத்தேன்.

நீ அனுப்புன ஷூவத்தான் போட்டுக்கினு ஓடுச்சு. கழட்டும்போது இது அபியோடதுன்னு எங்கிட்ட சொல்லிச்சு. வேற ஒண்ணும் சொல்லல.

உங்கண்ணி போய்ட்டா மாட்டுக்கு ஆளு வெச்சுக்குவேன். பாப்பாவ நான் பாத்துக்குவேன். உங்கண்ணன் சோறு வடிக்கக் கத்துக்கட்டும், கை தேஞ்சா பூடும்? நீ வேலைய உட்டுட்டு வரணும்னு இந்த வூட்ல யாரும் கூப்புட மாட்டாங்க. நீ எதுக்கு பயந்தன்னு எனக்குத் தெரியும். என் வயித்துல பொறந்தவதான நீ.

நீ கேட்டிருந்தா நான் மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். வூடே அதிர்றாப்புல கத்தியிருப்பேன். ஆனா நீ கேட்டிருக்கணும்.

ஞாயித்துக்கெழம போன் பண்ணு. எடுக்குறேன். அண்ணிகிட்டதான் மொதல்ல குடுப்பேன், ஸ்பீக்கர் போட மாட்டேன்.

உன் அம்மா
சுலோச்சனா